மவுத் ஆர்கன்: அங்கப்பன்

புளூஸ் என்னும் இசைக்கு இந்தப் பூமியில் உண்மையான வாரிசுகள் யார் என்று கேட்டால், கோயமுத்தூர் ஜில்லாவின் மில் முதலாளிகள்தான் என்று தயங்காமல் சொல்லிவிடலாம். காரணம் எளிது. அமெரிக்காவில் பருத்திக் காட்டு வெயிலில் முதுகொடியப் பாடுபட்ட கறுப்பின மக்கள் வயிறெரிந்து பாடியதுதான் புளூஸ். பருத்தி இல்லாமல் புளூஸ் இல்லை. அந்தப் பருத்தி கடைசியில் யாரிடம் வந்து சேருகிறது? மில் முதலாளியிடம். பருத்தியை வாங்கினவருக்கு அதோடு சேர்த்து வயிற்றெரிச்சலும் சொந்தமாவதுதானே நியாயம்?

இந்த நியாயத்தை முதன்முதலில் கண்டுபிடித்தவர் மோகன்குமார். சூலூரைத் தாண்டி இருக்கும் அங்கப்பர் மில்ஸின் சின்ன முதலாளி. வயது இருபத்தாறு. நூற்பாலைத் தொழிலில் மேல்படிப்புப் படிக்க அமெரிக்கா போனவர், இரண்டு வருஷத்தில் நூலைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ளாமல், துயரத்தைப் பற்றி எல்லாம் தெரிந்துகொண்டு, 1995-ஆம் வருஷம் தை மாதத்தில் ஊர் திரும்பினார். தோளில் ஒரு மின்சார கிடார். பெட்டியில், சிவப்புத் துணி தைத்த உறையில், ஜெர்மனியில் செய்த ஆறு மவுத் ஆர்கன்கள். நெஞ்சு நிறைய அடிமைகளின் வேதனை. விமான நிலையத்தில் சுங்க அதிகாரிகள் கிடாரையும் மவுத் ஆர்கனையும் மட்டும் புரட்டிப் பார்த்துவிட்டு வேதனையை அப்படியே விட்டுவிட்டார்கள். ஒரு நாட்டின் பாதுகாப்பு இந்த லட்சணத்தில் இருக்கிறது.

வந்த மாதமே குழு ஆரம்பமாயிற்று. பெயர் ‘நொய்யல் டெல்டா’. நொய்யல் ஆற்றுக்கு டெல்டா கிடையாது. அந்த வருஷத்துக் கணக்கில் தண்ணீரும் கிடையாது. ஆனால் புளூஸ் பிறந்த இடத்தில் ஓர் ஆறும் டெல்டாவும் இருந்ததாகப் புத்தகத்தில் போட்டிருந்ததால், நொய்யலுக்கு ஒன்றை வழங்கிவிட்டார்கள். மோகன்குமார் பாட்டும் கிடாரும். பம்புசெட் கம்பெனி முதலாளியின் மகன் பிரவின்குமார் டிரம்ஸ். ஒரு கேசட் போடுவது என்று முடிவாயிற்று. அதற்குப் ‘பருத்திக் கண்ணீர்’ என்று பேரும் வைத்தாயிற்று. கண்ணீர் மட்டும்தான் பாக்கி.

அதற்காகக் கிளப்பின் ஏ.சி. அறையில் ‘துயரம் கண்டறியும் கூட்டம்’ ஒன்று முறைப்படி கூட்டப்பட்டது.

“உனக்கு என்ன துயரம் இருக்குது, சொல்லு,” என்றார் மோகன்குமார், நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு.

பிரவின்குமார் ரொம்ப நேரம் யோசித்தார். “கேட்ட கலர்ல காரு வர மூணு மாசம் ஆகும்னுட்டாங்கடா.”

“அது துயரமாடா?”

“எனக்குத் துயரம்தான். வெள்ளைதான் இருக்குதாம்.”

“டேய், புளூஸுங்கறது அடி வயித்துல இருந்து வரோணும்.”

“வயிறும் சரியில்ல. நேத்துச் சாயங்காலம் மூணு பரோட்டா தின்னுபோட்டேன்.”

ஒரு மணி நேரம் தேடியும் வேறு எதுவும் அகப்படவில்லை. ‘உறுப்பினர்களிடம் தேவையான அளவு துயரம் கையிருப்பில் இல்லை, வெளியிலிருந்து தருவித்துக்கொள்ளலாம்’ என்று ஒருமனதாகத் தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். மில் பிள்ளைகள் அல்லவா, கச்சாப் பொருள் இல்லையென்றால் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் மவுத் ஆர்கன். புளூஸில் பாடுகிறவன் பாதி அழுதால் மீதியை மவுத் ஆர்கன்தான் அழ வேண்டும் என்பது விதி. மோகன்குமார் ஆறையும் வரிசையாக வைத்துக்கொண்டு ஆறு வாரம் ஊதினார். பங்களா நாய் காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு சாப்பாட்டுக்குக்கூட வெளியே வர மறுத்தது. மோகன்குமாரின் அப்பாவும் மில்லின் பெரிய முதலாளியுமான அரங்கசாமி ஒருநாள் படியிறங்கி வந்தார்.

“கண்ணு, வர்ற ஆவணி வரைக்கும் உனக்கு டைம். அதுக்குள்ள இந்தக் கூத்த முடிச்சுப்போடோணும். அதுக்கு மேல காலைல எட்டு மணிக்கு ஆபீசுல வந்து உக்காரோணும். இப்பப் போயி மில்லை ஒரு சுத்துச் சுத்திப் பாத்துட்டு வா. நாயாச்சும் வெளிய வரட்டும்.”

எட்டு மணிக்கு ஆபீஸ் என்ற சொல்லைக் கேட்டதும் மோகன்குமாருக்கு முதன்முதலாக அடி வயிற்றில் ஏதோ செய்தது. அதைத் துயரம் என்று நோட்டில் குறித்துக்கொண்டே மில்லைச் சுற்றப் போனார். மத்தியானச் சாப்பாட்டு நேரம். பஞ்சுப் பொதிகளை உடைத்து அடித்துத் தூசி போக்கும் புளோ ரூமின் பின்பக்கத்தில் இருந்துதான் அந்தச் சத்தம் வந்தது. ஒரு மவுத் ஆர்கன். ஊதுகிற சத்தமாக இல்லை. யாரோ விம்மி விம்மி மூச்சை உள்ளே வாங்குகிற மாதிரி இருந்தது. நடுநடுவே சுரம் உடைந்து கீழே வழுக்கி, மறுபடி எழுந்தது. மோகன்குமாருக்குக் கை மயிர் சிலிர்த்துவிட்டது. அமெரிக்காவில் டிக்கெட் வாங்கிக் கேட்டது இதையேதான்.

வாசித்துக்கொண்டிருந்தவர் நாற்பத்தைந்து வயசுக்காரர். தலை, புருவம், மீசை எல்லாம் பஞ்சுத் தூசி. சின்ன முதலாளியைக் கண்டதும் துள்ளி எழுந்து மவுத் ஆர்கனை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அதன் உள்ளே சத்தம் எழுப்பும் பித்தளை நாக்குகளில் இரண்டு ஒடிந்து, தகரம் நெளிந்து போயிருந்தது.

“இத ஆருகிட்டக் கத்துக்கிட்டே?”

“ஆருங்க சாமி எங்களுக்குச் சொல்லித் தருவாங்க. எங்கய்யன் சூலூர் ஏர்போர்ஸுல தோட்ட வேலை பாத்துச்சுங்க. ஒரு ஆபீசரு மாத்தலாகிப் போறப்பக் குடுத்துட்டுப் போனதுங்க.”

“நீ ஊதறதே இல்லையே! எல்லாத்தையும் உள்ள இழுத்தே வாசிக்கறே?”

“ஊதுனா இருமல் புடிச்சுக்குதுங்க. புளோ ரூமுல இருவத்துநாலு வருசமுங்க. நெஞ்சுக்குள்ள பஞ்சு அடைஞ்சு கெடக்குதுங்க. மெதுவா உள்ள இழுத்தா அது பாட்டுக்குக் கெடக்கும். வெளிய ஊதுனாத்தான் கெளம்பிக்குது.”

மோகன்குமார் மெய்ம்மறந்து நின்றார். மூச்சை உள்ளே இழுத்து வாசிப்பதுதான் புளூஸ் மவுத் ஆர்கனின் ரகசியம். அதற்காகவே அமெரிக்க வித்வான்கள் பத்து வருஷம் தலையால் தண்ணீர் குடிக்கிறார்கள். அந்த வித்தையை அங்கப்பர் மில்ஸ் தன் தொழிலாளிக்குச் சத்தமில்லாமல், வேலை நேரத்திலேயே கற்றுக்கொடுத்திருக்கிறது. இப்படி ஒரு தொழிலாளர் நலத் திட்டம் ஆசியாவில் வேறெங்கும் கிடையாது.

“உன்ற பேரென்ன?”

அவர் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். “மில்லுல சின்னான்னு கூப்பிடுவாங்க. என்ற பேரு அங்கப்பனுங்க.”

இந்த இடத்தில் ஒரு சரித்திரத்தைச் சொல்லியாக வேண்டும். மில்லை ஆரம்பித்தவர் மோகன்குமாரின் அப்பாரு, அதாவது அப்பாவைப் பெற்றவர், அங்கப்பக் கவுண்டர். 1971-இல் ஊர்ச் சேரியான தெற்கு வளவிலிருந்து வேலை கேட்டு வந்த இவரும் தன் பேர் அங்கப்பன் என்றபோது, கேட்டில் பேர் எழுதுகிறவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவருக்கு வந்தது மிகவும் நியாயமான கவலை. “அது மொதலாளி பேரு. அந்தப் பேரைச் சொல்லி உன்னைய எப்படிடா திட்டறது?” நிர்வாகச் சிக்கல்தான். ‘ஏண்டா அங்கப்பா, எருமை’ என்று மேஸ்திரி ஒரு சத்தம் போட்டால் அது ஆபீஸ் வரை கேட்குமே! ஆகவே தொழில் அமைதியை உத்தேசித்து, ரிஜிஸ்தரில் ‘சின்னான்’ என்று எழுதிக்கொண்டார்கள். ரிஜிஸ்தரைப் பார்த்து ரேஷன் கார்டு, கார்டைப் பார்த்து ஓட்டர் லிஸ்ட் என்று அந்தப் பேரே போய்ச் சேர்ந்தது. அங்கப்பன் என்ற பேர் அவர் மனைவி பழனாத்தாளுக்கும் வளவில் நாலு கிழடுகளுக்கும் மட்டும் ஞாபகம் இருந்தது.

“நாங்க கேசட் போடறோம். அதுல நீ வாசிக்கோணும்,” என்றார் மோகன்குமார்.

“வாரேனுங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கோணுமுங்க.”

மோகன்குமாரின் கை சட்டைப் பைக்குப் போயிற்று.

“அய்யோ, பணமில்லீங்க. கேசட்டு அட்டையில பேரெல்லாம் போடுவாங்கல்லங்க. அதுல என்ற பேரு போடோணுமுங்க. சின்னான்னு வேண்டாமுங்க. அங்கப்பன்னு.” அவருக்கு மூச்சு வாங்கியது, பேச்சினாலா, தூசியினாலா என்று தெரியவில்லை. “பொறந்ததுல இருந்து அந்தப் பேரை ஒரு எடத்துலயும் எழுதிப் பாத்ததில்லீங்க. ஒருக்கா எழுதியிருந்தாப் போதுமுங்க. அப்பறம் எவன் என்ன சொல்லிக் கூப்பிட்டாலும் பரவால்லீங்க.”

“கண்டிப்பாப் போடறேன். என்ற வாக்கு,” என்றார் மோகன்குமார். அவர் குரல் தழுதழுத்துவிட்டது. அடிமை முறையைத் தன் கையால் ஒழித்துவிட்ட களைப்பில் அன்றைக்குப் பங்களாவுக்குப் போய் நன்றாகத் தூங்கினார்.

பதிவு நடந்தது உக்கடத்தில், அக்பர் அலியின் ஸ்டுடியோவில். அக்பர் அலி மூன்று மதத்துக்கும் பக்திப் பாட்டுக் கேசட் போட்டுத் தருகிறவர்; தொழிலில் கறாரானவர். முதல் நாள் அவர் எல்லோருக்கும் கண்ணாடி டம்ளரில் டீ வரவழைத்தார். மோகன்குமாரின் டிரைவர் குறுக்கே விழுந்து தடுத்துவிட்டு, பங்களாவிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்கைத் திறந்தார். சின்ன முதலாளிகளுக்கு எவர்சில்வர் டம்ளர். அங்கப்பனுக்கு மட்டும் குடித்தவுடன் தூக்கி எறிந்துவிடும் பிளாஸ்டிக் கப்.

“ரெட்டை டம்ளரெல்லாம் அந்தக் காலம் பாய்,” என்று மோகன்குமார் பெருமையாக விளக்கினார். “நாங்க மாறிட்டோம். இது டிஸ்போசபிள். அமெரிக்காவுல எல்லாம் இதுதான்.”

“அப்ப நீங்க ஏனுங்க தம்பி அமெரிக்கக் கப்புல குடிக்கல?” என்று கேட்டார் அக்பர் அலி.

“எனக்கு அதுல டீ வாசம் புடிக்காதுங்க பாய்.”

வேலை ஆரம்பமாயிற்று. மோகன்குமார் பாடியது, ‘காலங்காத்தால எந்திரிச்சேன், கவலையோட எந்திரிச்சேன்’ என்று தொடங்கும் பாட்டு. ஒன்பது மணிக்கு முன்னால் எழுந்து பழக்கமில்லாதவர், இந்த ஒரு வரிக்காக அலாரம் வைத்து ஒருநாள் ஐந்து மணிக்கு எழுந்து பார்த்தார் என்பதைப் பதிவுசெய்ய வேண்டியது நம் கடமை. பாட்டு மெலிவாகத்தான் இருந்தது. ஆனால் அங்கப்பன் மைக் முன்னால் நின்று கண்ணை மூடி மூச்சை இழுத்ததும், டிரம்ஸ் அடித்துக்கொண்டிருந்த பிரவின்குமாரே தாளத்தை விட்டுவிட்டு வாயைப் பிளந்தார். பாட்டு எங்கே போனாலும் அந்தச் சத்தம் பின்னாலேயே போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தது. எட்டுப் பாட்டுக்கும் அதுதான் முதுகெலும்பு. மற்றதெல்லாம் அதன்மேல் போர்த்திய சட்டை.

மூன்றாவது பாட்டின் நடுவில் அங்கப்பன் இருமினார். நாலு இருமல்; கடைசி இருமல் அடங்கவே மாட்டேன் என்றது. அக்பர் அலி டேப்பை நிறுத்தினார்.

“இந்த எடத்த வெட்டிரலாங்களா தம்பி?”

“வெட்டாதீங்க பாய்! அதுதான் புளூஸே.”

“அது நோவுங்க.”

“அதையேதான் நானும் சொல்றேன்.”

அக்பர் அலி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு அங்கப்பன் பக்கம் திரும்பினார். “டாக்டர்கிட்டக் காட்டினீங்களா அண்ணா?”

“மில்லு டாக்டருகிட்டக் காட்டுனேனுங்க. பீடிய உட்டுப்போடுன்னாருங்க.”

“பீடி குடிப்பீங்களா?”

“இல்லீங்க. குடிச்சிருந்தா உட்டுருப்பேனுங்க.”

மோகன்குமார் இதை ஒரு சொல் விடாமல் கேட்டார். கேட்டவரின் உள்ளம் உருகிற்று. உருகின வேகத்தில் அங்கேயே நோட்டை எடுத்து ‘நெஞ்சுக்குள்ளே பஞ்சு, நீயுமென்னைக் கொஞ்சு’ என்று ஒன்பதாவது பாட்டை எழுதி முடித்தார். தூசி பிடிக்க முகமூடி, ஒரு காற்றாடி, வேறு இடத்தில் வேலை என்று சில்லறை விஷயங்களில் அவர் மனம் போகவில்லை. கலைஞனுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது?

ஒருநாள் இடைவேளையில் பிரவின்குமார் அந்த நெளிந்த மவுத் ஆர்கனைக் காட்டி, “நீ ஒருக்கா இதுல வாசிச்சுப் பாரேண்டா, ஒருவேளை பொட்டியிலதான் விசேஷமோ என்னமோ,” என்றார். மோகன்குமாருக்கும் ஆசைதான். கையில் வாங்கினார். கைக்குட்டையால் துடைத்தார். உதட்டருகே வரை கொண்டுபோனவர் அப்படியே நிறுத்திக் கீழே வைத்துவிட்டார்.

“வேண்டாண்டா. சுத்தம்னு ஒண்ணு இருக்குதல்ல.”

அங்கப்பன் அதை எடுத்துத் தன் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

ஆனி மாதத்தில் அட்டைக்கு எழுதிக் கொடுக்கும் நாள் வந்தது. மோகன்குமார் பேனாவை எடுத்து ‘மவுத் ஆர்கன்: அங்கப்பன்’ என்று எழுதினார். நம் கதாநாயகர் ஒரு நல்ல காரியம் செய்யத்தான் செய்தார். அதை மறைப்பது நம் நோக்கமல்ல. அந்த நல்ல காரியம் முழுசாக இருபது நாள் உயிரோடு இருந்தது.

இருபத்தோராம் நாள் அச்சடித்த அட்டைகள் பங்களாவுக்கு வந்தன. அரங்கசாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒன்றை எடுத்தார். ஆவணி வந்ததும் இந்த மூட்டையை எந்தக் குடோனில் போடலாம் என்று யோசித்துக்கொண்டேதான் எடுத்தார். நாலாவது வரியில் அவர் விரல் நின்றது.

“மோகா, இங்க வா. இது எங்கய்யன் பேரல்ல?”

“அப்பா, அது வந்துங்க...”

“மவுத் ஆர்கன், அங்கப்பன்!” அரங்கசாமியின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டது. “எங்கய்யன் அம்பத்திரண்டுல மெசினு வாங்கச் சீமைக்குப் போனாரு. ஆறு மாசம் இருந்தாரு. அங்க அத்தனை நாளு என்ன பண்ணுனாருன்னு ஊட்டுல இன்னிக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. இதக் கத்துக்கிட்டிருந்திருக்கறாரு! பழைய ரிக்கார்டு எதுலயாச்சும் இருந்து எடுத்தயா கண்ணு?”

“இல்லீங்கப்பா. இது நம்ம மில்லுல இருக்கற ஒருத்தரு...”

“நம்ம மில்லுல அங்கப்பன்னு வேற எவன் இருக்கறான்?”

அரங்கசாமி எதையும் ஊகத்தில் முடிவு செய்கிறவர் அல்ல. உடனே ஆபீசுக்குப் போன் போட்டார். அரை மணியில் தொழிலாளர் பிரிவு அதிகாரி ரிஜிஸ்தர்களைப் புரட்டிப் பார்த்து, எழுத்து மூலமாகவே பதில் அனுப்பினார்: ‘பார்வையில் கண்ட பெயரில் நமது நிறுவனத்தில் தொழிலாளர் எவரும் இல்லை. எக்காலத்திலும் இருந்ததில்லை. தங்கள் மேலான கவனத்துக்கு.’

“பாத்தயா?” என்றார் அரங்கசாமி, காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு. “எங்கய்யனேதான். கண்ணு, உன்னையக் கூத்தடிக்கறவன்னு நெனச்சுப்போட்டேன். குலத்தையே தூக்கி நிறுத்திப்போட்டயே! வர்ற தையில மில்லு அம்பதாவது வருச நோம்பி. அதுலயே வெளியிடறோம். உனக்கு இனி ஆபீசு வேண்டாம் சாமி. நீ பாட்டுக்குப் பாடு.”

ஆபீஸ் வேண்டாம் என்ற சொல் காதில் விழுந்ததும், வாயின் முனை வரை வந்திருந்த அங்கப்பன் என்கிற மனிதர் திரும்பி உள்ளே போய்விட்டார். மோகன்குமார் யோசித்துப் பார்த்தார். பேர் போடுவதாகத்தான் வாக்குக் கொடுத்தோம். பேர் போட்டாயிற்று. அதைப் படிக்கிறவர்கள் யாரை நினைத்துக்கொள்ள வேண்டும் என்று வாக்கில் ஒன்றும் இல்லையே?

“ஆமாங்கப்பா,” என்றார். “அப்பாருதானுங்க.”

“அவரு வாசிச்ச மவுத் ஆர்கன் எங்க?”

இதை மோகன்குமார் எதிர்பார்க்கவில்லை. ஜெர்மன் சாமான் ஆறும் பளபளவென்று இருந்தது. 1952 என்று சொன்னால் நாய்கூட நம்பாது. மறுநாள் மத்தியானம் புளோ ரூமின் பின்பக்கம் போனார்.

“உன்ற மவுத் ஆர்கனைக் கொஞ்சம் குடு. நோம்பியில வெக்கறதுக்கு.”

அங்கப்பனின் முகத்தில் பஞ்சையும் மீறி ஒரு வெளிச்சம் வந்தது. “மேடையிலங்களா? என்ற பேரையும் போட்டு வெப்பீங்களா?”

“பேரு போட்டுத்தான் வெப்போம்.” இதுவும் சத்தியம்தான். “அதுக்குப் பதிலா இத வெச்சுக்க,” என்று சிவப்பு உறையோடு ஆறையும் நீட்டினார். தானம் என்றால் இப்படி இருக்க வேண்டும், ஒன்றுக்கு ஆறு!

“இது வேண்டாமுங்க. அதுதானுங்க என்ற மூச்சுக்குப் பழகுனது. நோம்பி முடிஞ்சதும் குடுத்துருவீங்கல்லங்க?”

“அட, குடுக்காம?”

தை மாதம் மில் வளாகத்தில் பந்தல் போட்டு, வாழைமரம் கட்டி, பொன்விழா நடந்தது. முன்வரிசையில் உறம்பரைகளான சொந்தக்காரர்களும் மற்ற மில் முதலாளிகளும் நாற்காலியில். பின்னால் தொழிலாளர்கள் நின்றுகொண்டு. மேடையில் அங்கப்பக் கவுண்டரின் ஆளுயரப் படம், அதற்கு ரோஜா மாலை. படத்தின் கீழே கண்ணாடிப் பெட்டியில், வெல்வெட்டுத் துணியின்மேல், சந்தனமும் குங்குமமும் வைத்து அந்த நெளிந்த மவுத் ஆர்கன். பக்கத்தில், கேசட் அட்டையைப் பார்த்துப் பேர் எழுதின ஒரு பலகை. ஒலிபெருக்கிக்கு அக்பர் அலியைத்தான் அமர்த்தியிருந்தார்கள். ஓரத்தில் தன் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். முதலில் கேசட்டைப் போட்டார்கள். அந்த விம்மல் பந்தலை நிறைத்தது. மூன்றாவது பாட்டில் இருமல் வந்தபோது ஓர் உறம்பரைப் பெண்மணி, “பெரியவரு சீமைக் குளுருல என்ன பாடு பட்டாரோ!” என்று சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அரங்கசாமி பேச எழுந்தார். நாலு வரிக்கு மேல் பேச முடியவில்லை. உணர்ச்சி மேலிட்டு, பெட்டியைத் திறந்து மவுத் ஆர்கனை எடுத்தார். இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். “எங்கய்யன் வாயி பட்டது,” என்றார். பிறகு எண்ணூறு பேர் பார்க்க, அதைத் தன் வாயில் வைத்து, பலம்கொண்ட மட்டும் ஊதினார்.

சத்தம் வரவில்லை. ஒடிந்த நாக்கிடுக்கில் பல வருஷமாக அடைந்து கிடந்த பஞ்சுத் துணுக்குக் கிளம்பி முகத்தில் பறந்தது. அவர் திடுக்கிட்டு மூச்சை உள்ளே இழுக்க, அதுவும் கூடவே தொண்டைக்குள் போயிற்று. மில் தொடங்கிய ஐம்பது வருஷத்தில் ஒரு முதலாளி தன் மில் பஞ்சை ருசி பார்த்தது அதுதான் முதல் தடவை. இருமினார், இருமினார், கண் பிதுங்க இருமினார். கேசட்டில் கேட்ட அதே இருமல்! முன்வரிசை எழுந்து நின்று கை தட்டியது.

“சாமீ, ஊதாதீங்க!” பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அங்கப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார். “அத ஊதக் கூடாதுங்க, உள்ள இழுக்கோணுமுங்க! ரண்டு நாக்கு ஒடைஞ்சிருக்குதுங்க, ஓரத்த வெரல்ல மூடிக்கோணுமுங்க!”

அரங்கசாமி தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டார். “ஏண்டா சின்னான், எங்கய்யன் மவுத் ஆர்கனப் பத்தி உனக்கெப்படித் தெரியும்?”

அங்கப்பன் மோகன்குமாரைப் பார்த்தார். பிரவின்குமார் பார்த்தார். அக்பர் அலி பார்த்ததோடு நிற்காமல், தன் பெட்டியில் திருகைத் திருப்பி, மோகன்குமார் கையிலிருந்த மைக்கின் சத்தத்தை உச்சத்துக்குக் கூட்டி வைத்தார். ஒரு பேர். ஆறு எழுத்து. அதைச் சொல்லி, அது இவர்தான் என்று கையைக் காட்டினால் முடிந்தது. எட்டு மணி ஆபீஸ் மோகன்குமாரின் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. முன்வரிசை நாற்காலிகள் வந்து நின்றன. அப்பா வாயில் வைத்து ஊதினது யாருடைய எச்சில் என்று தெரிந்தால், அந்த நாற்காலிகளின் முகம் எப்படி ஆகும் என்பதும் வந்து நின்றது.

“நம்ம சின்னானுக்கு,” என்றார், பந்தல் முழுக்க முழங்கும்படி, “அப்பாருன்னா உசுருங்கப்பா. அவரு வாசிக்கறத மறைஞ்சு நின்னு கேட்டிருக்கறான்.”

மறுபடியும் கை தட்டல். விசுவாசமான தொழிலாளி என்று சின்னானுக்கும் ஒரு துண்டு போர்த்தினார்கள்.

துண்டோடு அங்கப்பன் பெட்டியருகே போனார். மவுத் ஆர்கனை எடுக்கக் கை நீட்டினார். ரிஜிஸ்தர் பார்த்த அதே அதிகாரி பாய்ந்து வந்து கையைத் தட்டிவிட்டார்.

“தொடாத சின்னான், தள்ளி நின்னு கும்பிடு. பெரியவரு வாயி வெச்சது. எச்சிலாயிரும்.”

அங்கப்பன் தள்ளி நின்றார். பழனாத்தாள் கூட்டத்தில் முண்டி வந்து அவர் பக்கத்தில் நின்றுகொண்டார். அந்த அம்மாளுக்கு எழுத்துத் தெரியாது.

“ஏனுங்க, அந்தப் பலகையில இருக்கறது உங்க பேருங்களா?”

அங்கப்பன் எழுத்துக் கூட்டிப் படித்தார். “ஆமா. என்ற பேருதான்.”

“அதுக்கு முன்னால என்னமோ எழுதியிருக்குதே, அதென்னுங்க?”

“அமரர்.”

“அப்படின்னா?”

“செத்துப் போனவருன்னு அர்த்தம்,” என்று சொல்லிவிட்டு அங்கப்பன் இருமத் தொடங்கினார்.

‘பருத்திக் கண்ணீர்’ கோயமுத்தூரில் நல்ல பேர் வாங்கியது. மோகன்குமார் இன்றுவரை எட்டு மணிக்கு ஆபீஸ் போனதில்லை; அடிமைகளின் வேதனையைப் பற்றிக் கல்லூரிகளில் பேசக் கூப்பிடுகிறார்கள், போய் வருகிறார். மவுத் ஆர்கன் மில் ஆபீஸ் பூஜை அறையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் கற்பூரம் காட்டுகிறார்கள். அங்கப்பன் மறுநாள் காலையிலேயே புளோ ரூமுக்குப் போய்விட்டார். அவர் கேட்டபடி அவர் பேரும் எழுத்துக்கு எழுத்துச் சரியாக எழுதப்பட்டுவிட்டது. அந்தப் பலகையில் இருப்பது, பேருக்கு முன்னால், ஒரே ஒரு பிழைதான். அதையும் மில்லே தன் சொந்தப் பஞ்சைச் செலவழித்து, ஷிப்டுக்குக் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டிருக்கிறது.